கடலில் எண்ணினால் ஒரே எண் வராதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் கடற்பசுவைப் பற்றிய செய்தியில் 'மிச்சமிருப்பது 240' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தபோதும் இதே 240 தான் செய்திகளில் வந்தது. அதெப்படிங்க, நடுவில் ஒன்று சாகவும் இல்லை, ஒன்று பிறக்கவும் இல்லையா? தாராபுரத்துக்காரனுக்குக் கடல் பேச்சு எதற்கு என்று நினைக்கலாம். கடல் தெரியாது, யானை எண்ணுகிற கதை தெரியும்.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது ஆனைகட்டிப் பக்கம். ஒற்றை யானை ஒன்று ராத்திரியில் மூன்று ஊர் சுற்றினால் விடிந்ததும் டீக்கடையில் அது மூன்று யானை ஆகிவிடும். அதனால்தான் வனத்துறை கண்ணால் பார்த்ததோடு விடாமல் லத்தியையும் எண்ணுகிறது. யானை ஒரு நாளைக்கு எத்தனை முறை போடும், போட்டது எத்தனை நாளில் மக்கும் என்று கணக்கு வைத்து வகுக்கிறார்கள். நல்ல மழை பெய்தால் அந்தக் கணக்கும் ஆடிப்போகும்.

கடலில் லத்தியும் நிற்காது, தடமும் நிற்காது. மூச்சு வாங்க மேலே வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் கண்ணில் படும், தண்ணீர் கலங்கியிருந்தால் விமானத்திலிருந்து பார்த்தாலும் கடற்பசு தெரியாது. அப்புறம் கடலில் எப்படி எண்ணுகிறார்கள்? ஒரு வழி சொல்கிறேன். நம்மூர்க் குளத்தில் 50 மீன் பிடித்து, செதிலோரம் அடையாளம் வைத்து விட்டுவிடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி 50 பிடித்து அதில் 5 அடையாள மீன் இருந்தால், குளத்தில் சுமார் 500. திமிங்கலத்தை எண்ணுவதும் இதே வழியில்தான். அதற்கு நாம் அடையாளம் வைக்க வேண்டியதில்லை, கூனல் திமிங்கலத்தின் வாலடியில் இருக்கிற கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒன்றுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. படம் எடுத்து ஒப்பிட்டால் போதும். ஓமன் கடலில் அப்படிப் படமெடுத்துத்தான் 82 என்றார்கள். ஆனால் ஆய்வாளர்கள் அதோடு நிறுத்தவில்லை, 60-லிருந்து 111-க்குள் இருக்கலாம் என்றும் சேர்த்தே எழுதினார்கள்.

அந்த 60-ம் 111-ம் தான் முக்கியம். அடுத்த முறை 70 என்று வந்தால் குறைந்துவிட்டது என்று அலறவும் முடியாது, குறையவில்லை என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. நீங்கள் ஒற்றை எண் போட்டால் படிக்கிறவன் 12 செத்துப்போச்சு என்றுதான் நினைப்பான், பழி நேராக மீனவர் வலை மேல் விழும்.

இடம்பெயர்வும் சேர்ந்தால் இன்னும் சிக்கல். 2017 நவம்பரில் ஓமனில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய லூபான் என்ற பெண் திமிங்கலம் அரபிக்கடலைத் தாண்டி நம் தென்முனை வரைக்கும் வந்தது. கடலுக்குள் ரேடியோ அலை போகாது, அது மேலே வந்தபோதெல்லாம் கிடைத்த சைகையை வைத்துத்தான் வழியே தெரிந்தது. அதை ஓமன் கணக்கில் சேர்ப்பதா, நம் கணக்கிலா? (வாக்காளர் பட்டியலிலேயே எங்கள் பெரியப்பா பேர் இரண்டு ஊரில் இருக்கிறது, அது வேறு விஷயம்.)

சரி, கேட்பது இவ்வளவுதான். கணக்கெடுப்புச் செய்தி போட்டால் எப்படி எண்ணினார்கள், எத்தனையிலிருந்து எத்தனை வரை, எந்த வருடத்துக் கணக்கு என்று பக்கத்திலேயே மூன்று வரி போடுங்கள். இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தச் செய்திக்குக் கீழே அரைப்பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாராபுரம்