சுட்டியின் மடியைப் பார்த்த தங்கச்சிக்கு

ஐந்து ஆடும் வீடு வந்து சேர்ந்துவிட்டன. இதை எழுதும்போது கொட்டகையில் தாய் ஆடு சுட்டி அசைபோட்டபடி படுத்திருக்கிறது. குட்டிகள் இரண்டும் அதன் முதுகில் ஏறி ஏறிக் குதிக்கின்றன. புதன்கிழமை ராத்திரி எங்கள் தெருவுக்குக் காரில் வந்தவர்கள் இந்த ஐந்தையும் திருடிக்கொண்டு போனது உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை முதலிலிருந்து சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தள்ளிப்போட்டால் சொல்லாமலே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

முதலில், அன்றிரவு திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் வாகனச் சோதனைக்கு நின்ற காவலர்களுக்கு. வழக்கமான சோதனைதான். ஆர்.சி. புக், லைசென்ஸ், குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்வது, அவ்வளவுதான். அந்தக் காரை அவர்கள் போகவிட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகிறோம் என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னார்களாம். அந்த நேரம் பார்த்து வாய்க்கட்டு நெகிழ்ந்த ஆடு ஒன்று கத்தியிருக்கிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இடத்தில் எங்கள் ஐந்து ஆடும் காலும் வாயும் கட்டப்பட்டுக் கிடந்தன. டிக்கியில் யார் வீட்டுக் கிணற்று மோட்டார் வயரோ சுருள் சுருளாக இருந்தது. சேஸிஸ் நம்பரும் நம்பர் பிளேட்டும் ஒத்துப்போகவில்லை. காரே திருட்டுக் கார். விடிந்தால் வியாழக்கிழமை, அய்யலூர் சந்தை. கூட்டத்தில் கலந்துவிட்டால் எந்த ஆடு யாருடையது என்று யார் கண்டுபிடிப்பது?

இந்த மடலை எழுத உட்கார்ந்தது அந்த ஸ்டேஷனில் இரவுப் பணியில் இருந்த பெண் காவலர் ஒருவருக்காக. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

ஆடுகளை ஸ்டேஷனில் இறக்கும்போது மணி மூன்று இருக்குமாம். கட்டை அவிழ்த்து, வாளியில் தண்ணீர் வைத்ததும் நான்கு ஆடுகள் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டன. சுட்டி மட்டும் நிற்கவும் மாட்டாமல் படுக்கவும் மாட்டாமல் பின்னங்காலை அகட்டி வைத்துக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அடிபட்டிருக்கும், விடிந்ததும் டாக்டரைக் கூப்பிடலாம் என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சி டார்ச் அடித்துக் குனிந்து பார்த்திருக்கிறார். மடி கல்லாக இறுகிக் கிடந்திருக்கிறது. காம்பில் பால் சொட்டியிருக்கிறது. அவர் வீட்டிலும் ஆடு உண்டு. "சார், இது குட்டி போட்ட ஆடு. பத்து நாளுக்கு மேல இருக்காது. குட்டிங்க எங்கயோ பாலில்லாமக் கத்திக்கிட்டிருக்கும்" என்றாராம்.

சரியாக ஒன்பது நாள். அந்த நேரத்தில் இங்கே என் அம்மா இரண்டு குட்டிகளையும் மடியில் போட்டுக்கொண்டு, விரலில் பசும்பால் தொட்டு நக்கவிட்டுக்கொண்டிருந்தார். அவை வாயைத் திறக்கவே இல்லை.

ஆட்டைத் தொலைத்தவர் காலையில் தேடிக்கொண்டு வரட்டும் என்று தங்கச்சி உட்கார்ந்திருக்கலாம். முறைப்படி அதுவே போதும். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஐந்து ஆட்டையும் போட்டோ எடுத்தார். சுட்டி கழுத்தில் அம்மா பழைய நீலச் சேலையைக் கிழித்துத் திரித்த கயிறு இருந்தது. அதையும், அடையாளத்துக்காகக் காதில் போட்டிருந்த வெட்டையும் தனியாகக் கிட்டத்தில் எடுத்தார். அந்த நேரத்தில் யாருக்கு அனுப்புவது? ஊரே தூங்குகிற வேளையில் விழித்திருப்பவர்கள் பால் சொசைட்டிக்காரர்கள்தான். நாலரை மணிக்கெல்லாம் பால் அளக்க வந்துவிடுவார்கள். சுற்றுவட்டாரச் சொசைட்டிச் செயலாளர்களின் நம்பர்களை ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் படத்தை அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊர்ச் செயலாளர் அந்த நீலக் கயிற்றைப் பார்த்ததுமே அளவைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வந்து கதவைத் தட்டினார். அப்போது மணி ஐந்தேகால்.

நான் ஸ்டேஷனுக்குப் போனபோது சுட்டி என் குரலைக் கேட்டுக் கத்தியது. கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியாது, புகார் எழுத வேண்டும், எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சாயங்காலம் ஆகும் என்றார்கள். அது சட்டம், அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் குட்டிகள் சாயங்காலம் வரை தாங்குமா? சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அப்போது தங்கச்சி உள்ளேயிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் பாதிக்கு மேல் பால். சுட்டியின் பால். பாட்டிலைச் சுற்றி ஈரக் கைக்குட்டை கட்டியிருந்தது.

"மடி கட்டிக்கிட்டா காய்ச்சல் வந்துரும்ணே, அதான் கறந்துட்டேன். கொட்ட மனசு வரல. இதை எடுத்துக்கிட்டு முதல்ல வீட்டுக்குப் போங்க, அப்புறமா வந்து எழுதிக் கொடுங்க. கை பொறுக்கிற சூடு போதும். தலையை அண்ணாத்திப் பிடிச்சு ஊத்திராதீங்க, புரையேறிரும்."

நான் நன்றி சொல்லவில்லை. வாய் வரவில்லை. பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வழியில் வேறொரு இடத்தில் சோதனை. கை காட்டினார்கள், நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், இதற்கு முன்னால் தூரத்தில் தடுப்பு வைத்திருப்பதைப் பார்த்தாலே மண் பாதையில் திருப்பிவிடுகிறவன் நான். எல்லாப் பேப்பரும் கையில் இருந்தாலும் அப்படித்தான். சட்டைக்குள் என்ன என்று கேட்டார் ஓர் ஏட்டு. எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "போங்க போங்க" என்று தடுப்பை அவரே நகர்த்திவிட்டார்.

குட்டிகள் அந்தப் பாலைக் குடித்தன. முதலில் பெட்டை, கொஞ்ச நேரம் கழித்துக் கிடா. தாயின் வாசனை இருந்ததாலோ என்னவோ! குடித்து முடித்து வயிறு உப்பித் தூங்கியதும்தான் அம்மா அழுதார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் அம்மாவுக்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. அவற்றின் வழியில் வந்ததுதான் சுட்டி. என் தங்கையின் படிப்பும் அப்பாவின் வைத்தியச் செலவும் அந்த வழி ஆடுகளில்தான் நடந்தன.

அன்றிலிருந்து ஒரு பெயர் மனதைவிட்டுப் போகவில்லை. 2021 நவம்பர் 21 அதிகாலை, இதே திருச்சி மாவட்டத்து நவல்பட்டு ஸ்டேஷனின் சிறப்பு சார்பு ஆய்வாளர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு போனவர்களை மோட்டார் சைக்கிளில் தனியாக விரட்டிப்போனார். கீரனூர்ப் பக்கம் அவரை வெட்டிக் கொன்றார்கள். யாரோ ஒருவர் வீட்டு ஆட்டுக்காக. அந்தச் செய்தியைப் படித்த அன்று 'பாவம்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இன்று அவர் குடும்பத்தை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். 2018 மார்ச்சில் இதே மாவட்டத்தில், துவாக்குடி அருகே, தலைக்கவசச் சோதனையில் நிற்காமல் போன மோட்டார் சைக்கிளைக் காவல் ஆய்வாளர் ஒருவர் துரத்தியதில் பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்தார். அதை இங்கே யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. சாலையில் கை காட்டுகிற அதிகாரம் அப்படியும் போகும். அதனால்தான், ஆட்டின் மடியைப் பார்த்துக் குட்டியை நினைத்த ஒருவர் அந்தச் சீருடையில் இருப்பது எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். விடிய விடியப் பைக்கில் காடு மேடெல்லாம் தேடிய பையன்கள், தன் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் குட்டிகளுக்குப் பால் கொடுக்க முயன்ற பக்கத்து வீட்டு அத்தை, பணம் வாங்காமல் வந்து ஊசி போட்ட கால்நடை டாக்டர், கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ., சொசைட்டிச் செயலாளர் மாமா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆய்வாளர் ஐயாவுக்குத் தனியாக. ஸ்டேஷனில் வைத்துப் பராமரிக்க முடியாத உயிர்களை, கோர்ட் கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் விடலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் இருக்கிறதாம். நாள் கணக்கில் அலையவிடாமல் அன்று சாயங்காலமே அப்படி விட்டார். வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது, வெட்டக் கூடாது என்றார். சுட்டியை இனி எப்போதுமே விற்பதாக இல்லை ஐயா.

மோட்டார் வயர் தொலைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே ஸ்டேஷனுக்குப் போங்கள். சுருள்கள் அங்கே இருக்கின்றன. ஆடு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள், காது வெட்டு தெரிகிற மாதிரி. நான் எடுத்துவிட்டேன். இனி எந்த ராத்திரியில் கை காட்டினாலும் நிற்பேன். நேரமாகிறதே என்று முனகமாட்டேன்.

தங்கச்சி, சாயங்காலம் ஆடுகளை ஏற்றும்போது பெட்டைக் குட்டி வளர்ந்ததும் உங்களுக்குத்தான் என்று சொன்னேன். "அதெல்லாம் வாங்கக் கூடாதுண்ணே, ஊர்ப்பக்கம் வந்தா ஒரு சொம்பு மோர் கொடுங்க, போதும்" என்றீர்கள். உங்கள் பாட்டில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கைக்குட்டையை அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறார். மோர்ப் பானையும் கழுவி வைத்தாயிற்று. எப்போது வருவீர்கள் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.