பேரனின் டச்டவுன்

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம். போன் செய்தால் உமாதான் எடுக்கிறாள். நீ மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாள். அதனால் கடிதம்.

குடும்பக் குழுவில் நீ போட்ட, பேரனின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்ட வீடியோவைப் பார்த்தோம். கோட்டுக்கு வெளியே கோச்சாக நின்று நீ, "தப்பான பந்து, இங்கே எடுத்து வா" என்று கத்துகிறாய். பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற சென்டர் பையன், அதைத் தோளுக்கு மேலே தூக்கிப் பேரனிடம் தருகிறான். இவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைக்குப் போகிறவன்போல நிதானமாக நடக்கிறான். எதிரணியைத் தாண்டியதும் எடுத்தான் பார் ஓட்டம், கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன்! எட்டு வயதில் சிரிக்காமல் அப்படி ஒரு முகத்தை எப்படி வைத்துக்கொண்டானோ. நானும் கை தட்டினேன். நாளெல்லாம் நின்று பழக்கியிருப்பாய், அது தெரிகிறது.

மறுபடி போட்டுப் பார்த்தபோது எதிரணியின் 52-ஆம் எண் பையன் கண்ணில் பட்டான். பேரன் நெருங்கியதும் அவன் ஓரடி ஒதுங்கி வழி விடுகிறான். பிறகு உன்னைத் திரும்பிப் பார்க்கிறான், பெரியவர் அடுத்து என்ன சொல்வாரோ என்று.

எதிரணியை ஏமாற்றுகிற ட்ரிக் பிளே எனக்குப் பிடிக்காது என்று நினைக்காதே. 2018 பிப்ரவரியில் நீ இங்கே இருந்தாய். சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, பாதி ஆட்டம் முடிகிற நேரம். ஸ்னாப், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற பந்து, கிளெமென்ட் கைக்குப் போய், அவர் பர்ட்டனிடம் கொடுத்து, பர்ட்டன் எறிந்ததை, வழக்கமாகப் பந்தை எறிகிற குவாட்டர்பேக் ஃபோல்ஸே பிடித்தாரே, அன்றைக்கு அம்மாவின் பஜ்ஜித் தட்டைக் கவிழ்த்தது நீயா நானா என்று இன்னும் தீரவில்லை. ஃபோல்ஸும் ஏதோ சொல்லப் போவதுபோல நடித்தாரே என்று வாதாடுவாய். நடித்தார். ஆனால் எதிரே நின்றவர்கள் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள். பந்து எந்த நொடியும் கிளம்பும் என்று தெரிந்துதான் நின்றார்கள். யார் கைக்குப் போகும் என்பதில் ஏமாந்தார்கள். உன் எதிரணிப் பிள்ளைகளுக்கு ஆட்டம் தொடங்கியதே தெரியாது.

2010-இல் டெக்சாஸின் கார்பஸ் கிறிஸ்டியில் டிரிஸ்கால் நடுநிலைப் பள்ளி இதே மாதிரி செய்து நாடே பார்த்துச் சிரித்தது என்பாய். அங்கேயும் அபராதம் என்று கூவி நம்பவைத்தது ஒரு கோச்தான். உயர்நிலைப் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பு விதி விளக்கத்திலேயே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. தந்திரம் ஃபுட்பாலில் எப்போதும் உண்டு. ஆனால் ஏதோ கோளாறு, ஸ்னாப் இப்போது வராது என்று எதிரணியை நம்பவைக்கிற பேச்சும் செய்கையும் கூடாது என்கிறது. டெக்சாஸ் பள்ளிகள் கல்லூரி விதிகளை வைத்து ஆடுகின்றன என்று எனக்கும் தெரியும். அதைச் சொல்லித் தப்பிக்காதே.

வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் லீக்குக்கே பாப் வார்னர் பெயர்தான். 1929-இல் நம் பிலடெல்பியாவில் தொடங்கி, 1934-இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவர்தான் 1903-இல் கார்லைல் பழங்குடிப் பள்ளிக்குக் கோச்சாக இருந்து, சட்டையில் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லி, ஹார்வர்டுக்கு எதிராகப் பந்தைத் தன் ஆட்டக்காரர் டில்லனின் முதுகில் ஒளித்தவர். ஹார்வர்ட் ஆட்கள் பந்தைத் தேட, டில்லன் ஓடிவிட்டார். ஆனாலும் 12-11 என்று ஹார்வர்டே ஜெயித்தது. அது முழுக்க முறையான ஆட்டம் என்று தாங்களே கருதவில்லை என்று வார்னர் பிறகு எழுதினார். எனக்கோ கார்லைல் பையன்கள்மேல் கோபமே வருவதில்லை. வீட்டைவிட்டுப் பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசக் கூடாது என்று வைத்திருந்த பள்ளி அது. அந்தப் பிள்ளைகள் பணக்காரப் பல்கலைக்கழகத்தை ஒரு தடவை திண்டாட வைத்தார்கள். வைக்கட்டும்! 52-ஆம் எண் பையன் யாருக்கு என்ன செய்தான்?

அவன் கோச்சிடம் ஒரு வார்த்தை பேசு. பேரனிடமும் பேசு. பெரியவர் குரலில் பொய் சொல்லலாம் என்று பார்த்துவிட்டான். நாளைக்கு வீட்டில் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று நீ சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வான்? குழந்தைகளுக்கு நம் முகம் தெரியும்.

அம்மா ஒன்று கேட்டாள். நீ அனுப்பிய படத்தில், செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஆளில்லாத மைதானத்தில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாயாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன், இடையில் போயிருப்பான் என்றேன். அதற்கு முந்தைய வாரப் படத்தையும் காட்டினாள். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நல்ல கோச் நீ, அதில் சந்தேகமில்லை. தடுப்பதையும் கீழே தள்ளுவதையும் தலையில் அடிபடாமல் சொல்லிக்கொடுக்கிறாய் என்று உமா சொன்னாள். அந்த ஆட்டத்தை மட்டும் விட்டுவிடு. அந்தக் கோச்சிடம் பேசு. எங்களிடமும் பேசு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

கும்பகோணம் மனை விற்ற பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது. பேரனுக்கு ஷூ வாங்க என்று உன் கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். ஷூவுக்கு இவ்வளவா என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதே. உமாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அப்பா