வெள்ளியங்கிரி மலைப்பாதையில் கையடக்கக் குடிநீர் சுத்திகரிப்பு வசதி கோரும் மனு

அனுப்புநர்
வெள்ளியங்கிரி மலையேறும் பக்தர்கள் சார்பாக,
தொண்டாமுத்தூர் வட்டாரம்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
கோயம்புத்தூர் வனக்கோட்டம்,
கோயம்புத்தூர்.

பொருள்: வெள்ளியங்கிரி மலைச் சுனைகளின் நீரைப் பரிசோதித்தல், பக்தர்கள் கையடக்க வடிகட்டிகளையும் குளோரின் மாத்திரைகளையும் பயன்படுத்த ஏற்பாடு செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களிலும் அதன் பின்னர் கோடையிலும், பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து சுயம்பு லிங்கத்தைத் தரிசிக்கப் பெருந்திரளான மக்கள் செல்கின்றனர். அடிவாரத்தில் தங்கள் துறையினர் பைகளைச் சோதித்து, தண்ணீர் பாட்டில்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டி வைப்புத்தொகை பெற்று, பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பித் தரும் நடைமுறை மலையின் தூய்மைக்குப் பேருதவியாக இருக்கிறது. அதை நாங்கள் முழு மனதுடன் வரவேற்கிறோம். அதே நடைமுறையோடு இணைத்துச் செய்யக்கூடிய ஒரு பணியைக் கோரியே இம்மனுவை அளிக்கிறோம்.

செங்குத்தான இந்த ஏற்றத்தில், அதுவும் கோடையில், ஒருவர் சுமந்து செல்லும் ஓரிரு லிட்டர் தண்ணீர் போய்வரப் போதாது. ஆகவே பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை ஆகியவற்றின் நீரையே பெரும்பாலோர் நம்பியிருக்கின்றனர். இந்நீரைத் தீர்த்தமாகக் கருதும் பக்தி எங்களுக்கும் உண்டு. ஆனால் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுவது வழக்கமாக இருப்பதால், ஒருபுறம் நீராடியவர்களின் ஈர வேட்டிகள் கிடக்க, சில அடி தள்ளி மற்றவர்கள் அதே நீரைக் குடிக்கப் பாட்டிலில் பிடிக்கின்றனர். பாதையோரம் இயற்கை உபாதைக்கு ஒதுங்குவோரும், சுனைகளை நாடி வரும் வனவிலங்குகளும் உண்டு. கோடையில் நீர்வரத்து நூலாக இளைத்துவிடும்போது சேரும் மாசு அடித்துச் செல்லப்படாமல் தங்கிவிட வாய்ப்பு அதிகம். மலையிறங்கிய சில நாட்களில் எங்களுடன் வந்தோரில் சிலர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டுள்ளனர். அதற்குச் சுனை நீர்தான் காரணம் என்று நாங்கள் அறுதியிட்டுக் கூறவில்லை. வழியில் உண்ட உணவும் காரணமாக இருக்கலாம். பரிசோதிக்காமல் யாராலும் எதையும் சொல்ல இயலாது என்பதாலேயே, பரிசோதனையை எங்கள் முதல் கோரிக்கையாக வைக்கிறோம்.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, 100 மில்லி லிட்டர் நீரில், மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா அறவே இருக்கக்கூடாது என்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் வாயிலாக மலையேறும் பருவத்தின் தொடக்கத்திலும் கூட்டம் மிகும் நாட்களிலும் மூன்று சுனைகளின் நீரையும் சோதித்து, முடிவை அடிவாரத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டுகிறோம். ஆய்வக முடிவு வரும் வரை, மலமாசு இருந்தால் ஓரிரு நாளில் கருப்பாக மாறும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பிகளைத் தங்கள் பணியாளர்களே பயன்படுத்தலாம்.

மலைமேல் நீரைச் சுத்திகரிக்க எல்லா முறைகளும் பொருந்துவதில்லை. நன்கு கொதிக்க வைப்பதே மிகவும் நம்பகமானது என்றாலும், காட்டுத்தீ அபாயம் உள்ள வனத்தில் அடுப்பு மூட்டுவதை நாங்களே ஏற்கமாட்டோம். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்குமே தவிர, நுண்ணுயிர்களை ஒழித்துவிடும் என்று அதை நம்ப முடியாது. புற ஊதாக் கதிர்க் கருவிக்குத் தெளிந்த நீரும் மின்கலமும் தேவை. எஞ்சுபவை இரண்டு. உள்ளீடற்ற நுண்ணிழைகளால் ஆன, 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளை கொண்ட வடிகட்டி உள்ளங்கையில் அடங்கும். பாக்டீரியாவையும், ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளையும் தடுத்து நிறுத்தும். ஆனால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ போன்ற வைரஸ்கள் அத்துளையைவிடப் பன்மடங்கு சிறியவை என்பதால் உள்ளே நுழைந்துவிடும். குளோரின் மாத்திரை வைரஸையும் பாக்டீரியாவையும் கொல்லும்; கிரிப்டோஸ்போரிடியத்திடம் அது பலிப்பதில்லை. ஆகவே முதலில் வடிகட்டி, பின்னர் உறையில் குறிப்பிட்ட அளவு மாத்திரையிட்டு, குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து குடிப்பதே இம்மலைக்கு ஏற்ற முறை. இரவில் ஏறுவோர் பிடிக்கும் நீர் மிகக் குளிர்ந்திருக்கும் என்பதால், அவர்கள் இன்னும் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

எனவே, கையடக்க வடிகட்டியை மலைக்குக் கொண்டுசெல்லலாம் என்று சோதனைச் சாவடிப் பணியாளர்களுக்கு எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்துமாறும், குளோரின் மாத்திரைகளை அடிவாரத்தில் விலைக்குக் கிடைக்கச் செய்து, அவற்றின் காலி உறைகளையும் பாட்டிலைப் போலவே வைப்புத்தொகை முறைக்குள் கொண்டுவருமாறும் கேட்டுக்கொள்கிறோம். வாய் வைத்து உறிஞ்சும் வகை வடிகட்டியை ஒருவர் பயன்படுத்தியபின் மற்றொருவருக்கு வாடகைக்குத் தருவது நோயைப் பரப்பிவிடும் என்பதால், அத்தகைய திட்டம் வேண்டாம். அதற்குப் பதிலாக, உயரத்தில் தொங்கவிட்டால் தானாகவே வடியும் பை வடிவ வடிகட்டிகளைச் சுனைகளின் அருகே பருவகாலத்தில் மட்டும் அமைக்கலாம். அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை, வழியில் சுக்குக் காபியும் சோடாவும் விற்கும் மலைவாழ் மக்களிடம் உரிய ஊதியத்துடன் ஒப்படைத்தால் நன்றாக இருக்கும். இப்பாதையை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை. நுண்ணிழைகளில் படியும் வண்டலை நாள்தோறும் சுத்தமான நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவ வேண்டும் என்பதால், அதற்கான பயிற்சியும் அவர்களுக்கு அவசியம்.

ஆண்டி சுனையில் குடிநீர் பிடிக்கும் இடத்தை மேற்புறத்திலும் குளிக்கும் இடத்தைக் கீழ்ப்புறத்திலும் கயிறு கட்டிப் பிரித்துவிட்டால், பெரிய செலவின்றியே பாதி மாசு குறையும் என்பது எங்கள் துணிபு. ஒருவேளை இவை அனைத்தையும் ஒரே பருவத்தில் நிறைவேற்ற இயலாதெனில், நீர்ப் பரிசோதனையையும் இந்தப் பிரிப்பையும் மட்டுமாவது வரும் சிவராத்திரிக்கு முன்பாகச் செய்துதருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெள்ளியங்கிரி மலையேறும் பக்தர்கள்.

நகல்: செயல் அலுவலர், அருள்மிகு வெள்ளியங்கிரி ஆண்டவர் திருக்கோயில், பூண்டி.