மூன்று கேள்விகளையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பிரபஞ்சம், உயிர், மனித உணர்வு (தன்னையும் உலகையும் அறியும் விழிப்பு) மூன்றின் தோற்றத்தையும் ஒரே வரியில் அடுக்கி, எதற்குமே அறிவியலிடம் பதில் இல்லை என்று முடித்துவிட்டது. இதில் எனக்குக் கடுமையான ஆட்சேபம் உண்டு. நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். இந்த மாதிரி எழுத்தைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஒன்று, எல்லாம் கண்டுபிடித்தாயிற்று என்கிறார்கள், இல்லையென்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்கிறார்கள். இரண்டுமே தப்பு.

முதல் கேள்வியில் நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வானொலி வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே இரைச்சல் வர, உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தையெல்லாம் துடைத்தும் பார்த்தார்கள், போகவில்லை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட ஒளியின் மிச்சம் அது. இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின் என்பது வரை அளந்தாயிற்று, பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்ற கணக்கும் அந்த ஒளியை நுணுக்கமாக அளந்ததில் வந்ததுதான். பிரபஞ்சம் பிறப்பதற்கும் முன்னால் என்ன என்று கேட்டால் பதில் இல்லை, சரி. அதற்காக இவ்வளவையும் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியுமா?

உயிரின் தோற்றம்தான் உண்மையில் பாதிக் கிணறு. 1952இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற 22 வயது மாணவர் நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் இவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். மறுநாளே தண்ணீர் இளஞ்சிவப்பாகி, ஒரு வார முடிவில் நன்றாகச் சிவந்துவிட்டது, சோதித்தால் புரதங்களின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்கள். ஆதிக்காலக் காற்றில் அவ்வளவு மீத்தேனும் அம்மோனியாவும் இருந்திருக்குமா என்ற சந்தேகம் பின்னால் வந்தது, அது நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் 2007இல் மில்லர் இறந்த பிறகு, அவர் மூடி வைத்திருந்த பழைய குப்பிகளை அவருடைய மாணவர் ஜெஃப்ரி பாடாவின் குழு புதிய கருவிகளில் சோதித்தபோது, எரிமலை வாயுக்களை மனதில் வைத்து அவர் செய்திருந்த ஒரு சோதனையில் மட்டும் 20க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கிடைத்தன.

அப்புறம் பென்னு. அந்தச் சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் நாசா கொண்டுவந்தது 121.6 கிராம் மண். நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன, மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் எழுத்துகள் போன்ற ஐந்து காரங்களும் இருந்தன. உடனே உயிர் விண்ணிலிருந்து வந்தது என்று தலைப்புப் போட்டுவிடுகிறோம்! ஆனால் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அந்த 20இல் கிளைசின் தவிர மற்ற அமினோ அமிலங்களுக்கு, இடக்கையும் வலக்கையும் போல, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாத இரண்டு வடிவங்கள் உண்டு. உயிரினங்கள் தங்கள் புரதங்களைக் கட்டுவது இடக்கை வடிவத்தில்தான். பென்னுவிலோ இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. அப்படியானால் உயிருக்கு இந்த ஒருபக்கச் சாய்வு எங்கிருந்து வந்தது? இன்னும் விடை இல்லை. என் வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

உயிர் எப்படித் தொடங்கியது என்பதற்கு ஒரு துப்பு நம் உடம்பிலேயும் இருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் 2009இல் நோபல் பெற்றது ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் அந்த இயந்திரத்தில், கோக்கும் வேலை நடக்கிற இடம் ஆர்என்ஏவால் ஆனது. புரதங்களுக்கு முன்பே ஆர்என்ஏ வேலை செய்துகொண்டிருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது கேள்வியில்தான் நாம் வாசலிலேயே நிற்கிறோம். இன்ன நரம்பணு இயக்கம்தான் உணர்வுக்கு அடிப்படை என்று 25 ஆண்டுகளில் காட்டிவிடலாம் என மூளை ஆய்வாளர் கிறிஸ்டாஃப் காக் 1998இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் நியூயார்க்கில் எல்லார் முன்னாலும் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். அறுவை அரங்கில் 1846 முதல் ஈதரும் அதன் பின்வந்த மருந்துகளும் தினமும் மனிதரின் உணர்வை அணைத்து எழுப்புகின்றன, அப்போது மூளையில் சரியாக எது அணைகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கட்டுரை போடுங்கள், எழுதுகிறவர் அந்தந்தத் துறையில் வேலை செய்கிறவராக இருக்கட்டும். விண்கல்லில் அமினோ அமிலம் என்று அடுத்த முறை செய்தி வரும்போது, இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் எந்த அளவில் இருந்தன என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை