தமிழ்ச் சங்கத்தாரே, பிள்ளைகளை அந்தத் தூணடிக்கும் கூட்டிப்போங்கள்

நியூயார்க் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தாருக்கு வணக்கம்.

அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4 நாடகம் என்றால் வாஷிங்டன், ஜெஃபர்சன் என்று நாலு பெயரோடு நிறுத்திவிடுகிறோம். புரூக்ளின் ஃபோர்ட் கிரீன் பூங்காவில் 149 அடி உயரத் தூண் நிற்கிறதே, அதன் கீழே எலும்பாகக் கிடப்பவர்கள் விடுதலைப் போரில் பிரிட்டிஷ் சிறைக்கப்பல்களில் செத்தவர்கள், அவர்களில் பலர் தனியார் போர்க்கப்பல் மாலுமிகள். அவர்களையும் மேடையேற்றுங்கள்.

1776 மார்ச்சில், பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கக் காலனிகளின் பேரவையான காங்கிரஸ், எதிரிக் கப்பலைப் பிடித்து விற்றுக்கொள்ளத் தனியாருக்கு அனுமதி கொடுத்தது. பிணைத்தொகை கட்டவேண்டும், பிடித்த கப்பலுக்கு நீதிமன்றத் தீர்ப்பும் வாங்கவேண்டும், அதற்கப்புறம் வரும் பணத்திலும் பெரும்பங்கு முதலாளிக்கும் கேப்டனுக்கும்தான், மிச்சம்தான் கயிறு இழுத்தவனுக்கு. காசுக்குப் போனவர்கள்தானே என்பீர்கள். சரி, கடற்படையைவிட இதில் வருமானம் அதிகம் என்றுதான் பலர் போனார்கள், அதை மறைக்கவேண்டாம். பிடிபட்டபின் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள்.

புரூக்ளின் கரையோர வாலபௌட் விரிகுடாவில் கிடந்த ஜெர்சி என்ற பழைய போர்க்கப்பலில் பிரிட்டிஷார் ஆயிரம் கைதிகளுக்குமேல் அடைத்துவைத்தார்கள். நாலு பேர் சாப்பாட்டை ஆறு பேர் பங்கிடவேண்டும். இறைச்சியை வேகவைப்பதோ கப்பலின் கழிவெல்லாம் விழுகிற அதே கடல்தண்ணீரில். விடிந்ததும், செத்தவர்களை வெளியே கொண்டுவரச் சொல்லி மேலிருந்து குரல் வரும். அங்கிருந்த சிறைக்கப்பல்களில் இறந்தவர்கள் சுமார் 11,500 பேர் என்பது கணக்கு. கைதிகளை மாற்றிக்கொள்ள அமெரிக்கர் கையில் போதிய பிரிட்டிஷ் மாலுமிகள் இல்லை, சிப்பாய்களைக் கொடுத்து மாலுமிகளை மீட்க வாஷிங்டனும் இசையவில்லை. எங்கள் கடற்படையில் சேர், இப்போதே விட்டுவிடுகிறோம் என்று பிரிட்டிஷார் ஆசைகாட்டியும் பெரும்பாலோர் மசியவில்லை. காசு மட்டும்தான் குறி என்றால் இது ஏன்?

ஜேம்ஸ் ஃபோர்ட்டனைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிலடெல்பியாவில் சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினச் சிறுவன், 1781இல் 14 வயதில் ராயல் லூயி கப்பலில் வெடிமருந்து தூக்கப் போனவன். அந்தக் கப்பலைச் சிறைபிடித்த பிரிட்டிஷ் கேப்டனின் மகனோடு கோலி விளையாடிச் சிநேகமானான். இங்கிலாந்துக்கு வா, படிக்கவைக்கிறேன் என்றார் கேப்டன். என் நாட்டுக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்று ஜெர்சிக்கே போனான். பிடிபடும் கறுப்பின மாலுமிகளை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக விற்ற காலம் அது! தப்பிக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பையும் தன்னைவிட இளையவனுக்கு விட்டுக்கொடுத்தான். ஏழு மாதம் கழித்து விடுதலையாகி, பெரும்பாலும் வெறுங்காலோடு நடந்தே வீடு சேர்ந்தான். பிற்காலத்தில் கப்பல்களுக்குப் பாய் தைக்கும் பட்டறை வைத்துச் சம்பாதித்ததில் அடிமை ஒழிப்புக்கு அள்ளிக் கொடுத்தார்.

உங்கள் சங்கத்திலும் 14 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். தேதி குறியுங்கள், நாடகத்தை நானே எழுதித் தருகிறேன்.