வெட்டித் தரும் தூக்க மாத்திரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை மகள், வளைகாப்பு முடிந்து கொருக்குப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, இரவெல்லாம் தூக்கமின்றிக் கூடத்தில் நடந்துகொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், என் மகன் தெருமுனை மருந்துக்கடைக்குச் சென்று நான்கு தூக்க மாத்திரைகள் வாங்கி வந்தான். கடையில் டாக்டர் சீட்டையும் கேட்கவில்லை, மாத்திரை யாருக்கு என்றும் கேட்கவில்லை. அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டித் தந்த அந்தத் துண்டில், மருந்துப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளும் எச்சரிக்கை வாசகம் உள்ள சிவப்புக் கட்டத்தின் ஒரு மூலையும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அவள் வாயில் போடுமுன் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பரிசோதனைக்குச் சென்றபோது டாக்டரிடம் காட்டினோம். அது அல்பிரசோலம் என்றார். இவ்வகை மாத்திரைகளைப் பிரசவம் நெருங்கும் மாதங்களில் தொடர்ந்து எடுத்தால், பிறக்கும் குழந்தை துவண்டு கிடப்பதும், பால் குடிக்கச் சிரமப்படுவதும், மூச்சுத் திணறுவதும் நேரக்கூடும் என்று விளக்கிய அவர், தூங்க முடியாமல் என்ன செய்கிறது என்று அவளையே கேட்டார். "காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, நடந்தாத்தான் அடங்குது" என்றாள். இதையே அவள் என்னிடம், "பெரியம்மா, கால் ஒரு மாதிரி பண்ணுது" என்று பல நாள் சொல்லியிருக்கிறாள். நான் தைலம் தேய்த்துவிட்டதோடு சரி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.2 இருந்தது, கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக்கூடாதாம். கால் அப்படிச் செய்வதற்கு இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம் என்றார் டாக்டர். ஏற்கெனவே கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரைகளை அவள் மலச்சிக்கலுக்குப் பயந்து பாதி நாள் விட்டிருக்கிறாள், மீதி நாள் டீயோடு விழுங்கியிருக்கிறாள். டீ அந்தச் சத்தை உடலில் சேரவிடாது என்பது எங்களுக்குத் தெரியாது. இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றிய சில வாரங்களில் கால் குடைச்சல் தணிந்து, தூக்கமும் வந்தது.

1957-இல் மேற்கு ஜெர்மனியில் சீட்டில்லாமலே விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற தூக்க மருந்தைக் கர்ப்பிணிகளும் நம்பி விழுங்கியதால், 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையுடன் பிறந்தன. 1961 இறுதியில்தான் அங்கே அதைத் திரும்பப் பெற்றார்கள். இன்றைய தூக்க மாத்திரைகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல, யாரையும் அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. சொல்லப்போனால், மனநலச் சிகிச்சைக்காக ஏற்கெனவே இத்தகைய மாத்திரை எடுத்துவரும் பெண், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்துதான், வலிப்புகூட வரலாம். அவருக்கு எழுதிக்கொடுத்த டாக்டரிடம் உடனே சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைப்பதோ தொடர்வதோதான் முறை.

அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகள் 2014 மார்ச் முதல், கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் உள்ளன. சீட்டில்லாமல் அவற்றை விற்கக்கூடாது. சீட்டு எழுதிய டாக்டர், நோயாளி ஆகியோரின் பெயரையும் தந்த அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்த நான்கு மாத்திரைகள் எந்தப் பதிவேட்டில் யார் பெயரில் ஏறியிருக்கும்? வடசென்னையின் தெருமுனைக் கடைகளில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் இந்தப் பதிவேட்டை இருப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் பகுதியில் கர்ப்பிணிகள் மருந்து வாங்க நேரில் வருவது குறைவு. கணவரோ, தம்பியோ, பக்கத்து வீட்டுப் பையனோதான் வருகிறார்கள். ஆகவே வந்தவரின் முகத்தைப் பார்த்து எதுவும் தெரியாது, எந்த மருந்தானாலும் "யாருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அட்டையை வெட்டினாலும் மருந்தின் பெயர் வாங்குபவர் கையில் இருக்கும்படி வெட்ட வேண்டும். மாதந்தோறும் எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் செவிலியர்கள், "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்டு, அந்தப் பதிலையும் குறித்துக்கொண்டால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை.