வலை கழுவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

குருநகர்க் கடற்கரையை அண்டிய எங்கள் அன்பியத்தின், அதாவது அயலவர் ஒன்றுகூடிச் செபிக்கும் பங்கின் சிறு குழுமத்தின், உறவுகளுக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும், இந்த ஓராண்டு முழுவதும் என்னைப் பொறுமையோடு தாங்கிய அனைவருக்கும் இயேசுவின் பெயரால் அன்பு வணக்கம்.

32 ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து ஓய்வுபெற்ற எனக்கு, வியாழன் மாலைகளில் இறைவார்த்தைப் பகிர்வை வழிநடத்தும் பொறுப்பு சென்ற ஆண்டு தரப்பட்டபோது, அதைக் கற்பிக்கும் பணியாகவே எண்ணி ஏற்றுக்கொண்டேன். குறிப்புகளை விரிவாக எழுதி எடுத்துவந்து, வகுப்பறையில் நிற்பதுபோல் நின்று விளக்கினேன். உங்களில் எவரிடமிருந்தும் நான் ஏதேனும் பெறக்கூடும் என்ற நினைவு எனக்கு வரவேயில்லை. அந்த நினைவை எனக்குத் தந்தவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்த மாலை உங்களுக்கு நினைவிருக்கும். மீனவர்கள் கரையில் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள் என்ற வரியை, பாவம் கழுவப்படுவதற்கான அடையாளமாக நான் நெடுநேரம் விளக்கினேன். அனைவரும் அமைதியாகக் கேட்டிருந்து கலைந்து சென்றார்கள். முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மட்டும், கடைசி ஆளும் படலையைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்து, என்னருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: “ரீச்சர், வலையைக் கழுவினதெண்டால் அண்டைக்குத் தொழில் முடிஞ்சுது எண்டு அர்த்தம். கழுவின வலையைத் திரும்பக் கடலிலை போடச் சொன்னால் ஆருக்கும் மனம் வராது.”

பின்பு தம் இளமைக்காலத்து நூல் வலைகளைப் பற்றி விளக்கினார். விடியற்காலையில் கரை சேர்ந்ததும் சாதாளையையும் சேற்றையும் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துக் களைந்து, நன்னீரில் அலசி, வெயிலில் விரித்துக் காயவைக்காவிட்டால் அந்த வலை சில நாட்களிலேயே உக்கிவிடுமாம். பகல் வெளிச்சத்தில் தெளிந்த நீரில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும் என்பதாலேயே இரவில் தொழிலுக்குப் போனார்களாம். சொல்லும்போதே அவருடைய விரல்கள், இல்லாத வலையொன்றின் கண்களை விலக்கிக்கொண்டிருந்தன.

அன்றிரவு அதே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இரவெல்லாம் உழைத்தும் எதுவும் கிடைக்காமல், கழுவி முடித்த வலையோடு நின்ற பேதுருவிடம், கடலில் பிழைக்காத, தச்சுத் தொழில் செய்த ஒருவர், பட்டப்பகலில் ஆழத்திற்குப் போய் வலை வீசும்படி சொல்கிறார். பேதுரு தம் அனுபவத்தை மறைக்கவில்லை. இரவு முழுவதும் பாடுபட்டதை எடுத்துச் சொல்லிவிட்டு, ஆனாலும் உம் சொல்லுக்காகப் போடுகிறேன் என்கிறார். தனக்கு நன்றாகத் தெரிந்த தொழிலிலேயே இன்னொருவர் சொல்லைக் கேட்பதற்கு எவ்வளவு தாழ்மை வேண்டும் என்பதை, அந்தப் பெரியவர் சொல்லியிராவிட்டால் நான் கண்டிருக்கவே மாட்டேன்.

பெரியவர் திருத்திய முறையும் என்னை விட்டு அகலவில்லை. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான், வாசகம் வாசித்த சகோதரி ஒருவரை மூன்று இடங்களில் நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் உச்சரிப்பைத் திருத்தியிருந்தேன். அதன் பின்னர் அவர் கூட்டத்திற்கு வரவில்லை. இதைப் பங்குத்தந்தையிடம் சொன்னபோது, அவர் என்னைக் கடிந்துகொள்ளாமல், திருத்தூதர் பணிகள் நூலின் பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்துத் தந்தார். மறைநூலில் வல்லவரும் சிறந்த பேச்சாளருமான அப்பொல்லோ எபேசுத் தொழுகைக்கூடத்தில் போதித்ததைக் கேட்ட பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும், கூடாரம் செய்து பிழைத்த அந்தத் தம்பதியர், அவரைத் தனியே அழைத்துச் சென்று இறைநெறியை இன்னும் திருத்தமாக விளக்கினார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. கற்றுக்கொண்ட அப்பொல்லோவைப் பற்றி முன்பும் வாசித்திருக்கிறேன். தனியே அழைத்துச் சென்றவர்களின் பணிவை அன்றுதான் கவனித்தேன்.

மறுநாள் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வைத்துத் தந்துவிட்டு, நான்காம் வகுப்போடு இடம்பெயர நேர்ந்ததையும், அதன் பிறகு பள்ளிக்கூடம் போகக் கிடைக்காததையும், பிள்ளைகளின் பாடப்புத்தகங்களில் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கப் பழகியதையும் சொன்னார். சகோதரி, உங்கள் மன்னிப்புக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

ஜனவரி 16, புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாளன்று, அந்தச் சகோதரிதான் நமக்கு வாசகம் வாசித்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாளின் உடையில் கோவாவிலிருந்து வந்து, நம் மக்களின் தமிழைக் கற்று, சில்லாலையில் தங்கிப் பணியாற்றிய குரு யோசேவாஸ் அடிகளார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் மகிழ்ந்து செபமாலை சொன்னேன். ஆனால் போதிக்க வந்தவர் முதலில் மொழி பழகும் மாணவராக இருந்தார் என்பதை, அந்த மாலையில் ஒவ்வொரு சொல்லாக நிதானித்து வாசித்த குரலைக் கேட்டபோதுதான் உள்ளத்தால் உணர்ந்தேன்.

தம்மிடம் கற்றுக்கொள்ளும்படி ஆண்டவர் அழைக்கும்போது, தம் அறிவையோ வல்லமையையோ காரணமாகச் சொல்லவில்லை. கனிவும் மனத்தாழ்மையும் உள்ளவர் என்றே தம்மை அறிமுகம் செய்கிறார். அத்தகைய ஆசிரியர்களை இந்த ஓராண்டில் நம் ஒழுங்கைகளிலேயே கண்டேன். கூட்டத்திற்கு முற்றம் கூட்டித் தந்தவர்களுக்கும், மின்சாரம் நின்ற மாலைகளில் விளக்குப் பிடித்த இளையோருக்கும், என் நீண்ட விளக்கங்களைப் பொறுத்திருந்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

வருகிற வியாழன் கூட்டம் பெரியவர் வீட்டில் நடைபெறும். யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 153 பெரிய மீன்கள் நிறைந்தும் வலை கிழியாத அந்தக் காலைப்பொழுதைப் பற்றி அவரே முதலில் பேச இணங்கியிருக்கிறார். நான் குறிப்பெடுக்கக் கொப்பியோடு வருவேன்.

ஆண்டவரில் உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்.